நூறு ஜுன்னி என்றால் எவ்வளவு

விதி இப்படிச் சொல்கிறது: புகலிட நேர்காணல் முடிந்ததும், எழுதப்பட்ட பதிவை மொழிபெயர்ப்பாளர் விண்ணப்பதாரருக்கு அவருடைய மொழியிலேயே திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். அவர் திருத்தம் சொன்னால் அதைச் சேர்க்க வேண்டும். அதன் பிறகே கையெழுத்து. நல்ல விதி. இதை எழுதியவர் மொழிபெயர்ப்பாளர்களை நம்பாத ஒருவர் என்பது தெரிகிறது. அந்த அளவில் அவரை எனக்குப் பிடிக்கும். நான் சொல்லப்போகும் விடயத்தில் இந்த விதியை யாரும் மீறவில்லை. ஒரு சொல் விடாமல் பின்பற்றினார்கள். பிழை அதனால்தான் யாருடைய கண்ணிலும் படவில்லை.

இந்த உதவி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பாதிப்பேர் பலேர்மோவிலேயே பிறந்தவர்கள். உங்கள் இத்தாலியன் என்னுடையதைவிட நல்லது. உங்கள் தமிழைப் பற்றி உங்கள் அம்மாமாரிடம் தனியாகக் கதைத்துக்கொள்கிறேன். பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியை எப்படிப் புதுப்பிப்பது, குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தின் வரிசையில் எந்தக் கதவில் நிற்பது, எந்தப் படிவத்துக்கு எந்த முத்திரை என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேட்டின் பெரும்பகுதியை எழுதியவள் நான் என்பதால் அதை மறுபடி சொல்லி உங்களைத் தூங்கவைக்க விருப்பமில்லை. கையேட்டில் இல்லாத ஒன்றைத்தான் சொல்கிறேன்.

எங்கள் மேசை தமிழருக்காகத் தொடங்கியது. ஆனால் தமிழரும் மற்றவரும் சேர்ந்து வேலை செய்யும் சமையலறைகளுக்கு அந்த எல்லை தெரியாது. ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுச் சாப்பாட்டுக் கடையில் சமைக்கும் ரஞ்சன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை தன்னோடு ஒரு உயரமான இளைஞனைக் கூட்டிக்கொண்டு வந்தான். ரஞ்சன் மன்னார்க்காரன். எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாதவன்.

"அக்கா, இவன் இப்ரா. எங்கடை கடையிலை கோப்பை கழுவுறான், மட்டி உடைக்கிறான். நல்ல பொடியன். இவனைப் பொய்யன் எண்டு எழுதி விட்டிட்டாங்கள்."

"ஆர் எழுதினது?"

"அந்தப் புகலிடம் கேக்கிற கந்தோர்தான். பாருங்கோ, முத்திரையோடை எழுதியிருக்கிறாங்கள்."

இப்ரா என்னைப் பார்த்து, "அக்கா, வணக்கம்," என்றான். சமையலறையில் பொறுக்கிய தமிழ். அதற்கு மேல் அவனுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களை அவன் என் முன்னால் பாவிக்கவில்லை என்பது அவனுடைய நல்ல பழக்கத்துக்குச் சாட்சி. மற்றதெல்லாம் இத்தாலியனில்தான் கதைத்தோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

இப்ரா செனகல்காரன், காம்பியா எல்லைக்குப் பக்கத்து ஊர். ஆயுதம் வைத்திருந்த சிலர் அவனைப் பிடித்துக் காட்டில் வைத்திருந்தார்கள். அவனுடைய அண்ணன் மூன்று மாடுகளை எல்லை தாண்டிக் காம்பியாச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றார். அங்கே புழங்கும் பணம் தலாசி. அதைச் சந்தையிலேயே செனகலின் பணமான பிராங்காக மாற்றிக் கொண்டுவந்து தம்பியை மீட்டார். ஊரில் இருந்தால் மறுபடி பிடிப்பார்கள் என்று இப்ரா கிளம்பினான். கதை இவ்வளவுதான். எல்லாமே ஒரு கேள்வியில் தொங்கியது: இவன் சொல்வதை நம்பலாமா?

நம்ப முடியாது என்று கடிதம் சொன்னது. காரணம் கணக்கு. வந்திறங்கியபோது எடுத்த முதல் பதிவில், மீட்கக் கொடுத்தது ஐந்து இலட்சம் பிராங்கு என்று பிரெஞ்சில் சொல்லியிருக்கிறான். நேர்காணலில் தன் தாய்மொழியான வொலொஃபில் கதைத்தான். அந்தப் பதிவில் மாடுகள் விற்றது நாற்பத்திரண்டாயிரம் தலாசிக்கு, கொடுத்தது ஒரு இலட்சம் பிராங்கு என்று இருக்கிறது. ஒரு இலட்சம் பிராங்கு நூற்றைம்பது யூரோ அளவுதான் வரும். மாடு விற்ற பணமோ அதைப்போல ஐந்து மடங்கு. மிச்சம் எங்கே? பணயத்தொகை எது? விண்ணப்பதாரர் விளக்கவில்லை. நம்பகத்தன்மை இல்லை. நிராகரிக்கப்படுகிறது. நீதிமன்றத்துக்குப் போக அந்த வார வெள்ளிக்கிழமை வரைதான் அவகாசம் மிச்சமிருந்தது. தவறினால் அவன் கையில் ஒரு தாளும் இருக்காது.

"எவ்வளவு குடுத்தது?" என்று கேட்டேன்.

"ஐஞ்சு இலட்சம்."

"அப்ப நேர்காணலிலை ஏன் ஒரு இலட்சம் எண்டு சொன்னனீர்?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை, அக்கா."

"திரும்ப வாசிச்சுக் காட்டினவையோ?"

"ஓம்."

"கேட்டனீரோ, இல்லாட்டி நித்திரையோ?"

"கேட்டனான். நான் சொன்னதைத்தான் வாசிச்சவர். சரி எண்டு கையெழுத்து வைச்சனான்."

ரஞ்சன் கையைத் தலையில் வைத்தான். "டேய், உனக்கு வாயிலை ஒண்டு, தாளிலை ஒண்டோ?"

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். எங்கள் வேலையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கட்டத்தில் உள்ளே ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கும். இவன் பொய் சொல்கிறான், சொன்னதை மறந்துவிட்டான். அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. ஆனால் பொய் சொல்பவர்கள் பொதுவாகத் தொகையைக் கூட்டிச் சொல்வார்கள். முதலில் கூட்டிச் சொல்லிவிட்டு, முக்கியமான நாளில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துச் சொல்லும் பொய்யனை நான் அதுவரை சந்தித்ததில்லை. ஆளைவிட எண்தான் எனக்கு விசித்திரமாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் வணிகம் படித்தவள் நான். அந்தப் படிப்பைக் கொண்டு பலேர்மோவில் பல வருடம் ஒரு சிஞோராவின், அதாவது ஒரு பணக்கார வீட்டம்மாவின், வெள்ளிக் கரண்டிகளைத் துடைத்தேன். ஆகவே பட்டம் துருப்பிடிக்கவில்லை. அன்றைக்கு இரண்டு நாணயங்களின் மாற்று விலை எப்படி ஏறி இறங்கியது என்று தேடத் தொடங்கினேன். எந்த வருடத்திலாவது நாற்பத்திரண்டாயிரம் தலாசிக்கு ஒரு இலட்சம் பிராங்கு மட்டும் கிடைத்திருந்தால் நேர்காணல் பதிவு சரி. இல்லையென்றால் இப்ரா சரி. அவ்வளவு எளிது என்றுதான் நினைத்தேன்.

சுவாரசியமான ஜோடி அது. பிராங்கு ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை. முதலில் பிரெஞ்சு பிராங்கின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது, பிறகு யூரோவின் கையை. தொண்ணூற்று நான்கில் ஒருமுறை அதன் மதிப்பைப் பாதியாக வெட்டினார்கள். அதைத் தவிர அது நகரவே இல்லை. தலாசி தன் சொந்தக் காலில் நடந்தது, ஆகவே வழுக்கிக்கொண்டே இருந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர், ஒரே மொழி, ஒரே சந்தை, நடுவில் பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் கிழித்த ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெங்காயம் வாங்கப் போகிறவள் இந்த இரண்டையும் தலைக்குள் வைத்திருக்க வேண்டும். இதை நான் ரசித்து வாசித்தேன் என்று ஒத்துக்கொள்கிறேன். ஓய்வு நேரத்தில் நாவல் வாசிப்பவர்களுக்கு இது விளங்காது.

முடிவு தெளிவாக இருந்தது. நான் புரட்டிய எந்த வருடத்திலும் ஒரு இலட்சம் பிராங்கு அந்த விலைக்கு விற்கவில்லை. கிட்டக்கூட வரவில்லை. சரித்திரத்தின் மிகப் பெரிய வெட்டே பாதிதான். இங்கே விடுபட்டிருந்தது ஐந்தில் நான்கு. அதோடு, வித்தியாசம் மிகச் சரியாக ஐந்து மடங்கு. சந்தை இவ்வளவு நேர்த்தியாகத் தவறாது. மறதியும் தவறாது.

இன்னொன்றும் உறுத்தியது. காம்பியாப் பக்கத்து விலைப்பட்டியல்களில் ஒரு டொலருக்கு இத்தனை தலாசி, ஒரு பவுணுக்கு இத்தனை, ஒரு யூரோவுக்கு இத்தனை என்று வரும். பிராங்கு வரும் இடத்தில் மட்டும் ஐயாயிரம் பிராங்குக்கு இத்தனை. யாரோ தூக்கக் கலக்கத்தில் பூச்சியம் போட்டுவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். பழைய பட்டியலிலும் ஐயாயிரம், புதியதிலும் ஐயாயிரம். சின்னப் பணம் என்பதால் மொத்தமாகச் சொல்கிறார்கள் என்றால், நூறு என்று சொல்லலாம், ஆயிரம் என்று சொல்லலாம். ஏன் ஐயாயிரம்?

புதன்கிழமை இருவரையும் மறுபடி வரச் சொன்னேன். வந்ததும் அதைத்தான் கேட்டேன்.

"இப்ரா, பட்டியலிலை ஏன் ஐயாயிரம் எண்டு போடுகினம்? ஆயிரம் எண்டு போட்டால் என்ன?"

அவனுக்குக் கேள்வி விளங்கவில்லை. "ஆயிரம்தானே போட்டிருக்கு?"

"ஐயாயிரம் எண்டு போட்டிருக்கு."

"ஓம். ஒரு ஜுன்னி. எங்கடை பாசையிலை ஆயிரம்."

ரஞ்சன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அக்கா, இவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை கூடிப்போச்சு."

"நீர் சும்மா இரும். இப்ரா, ஜுன்னி எண்டால் ஆயிரமோ?"

"ஓம், ஆயிரம்."

"ஐயாயிரம் பிராங்குத் தாளுக்குக் கடையிலை என்ன சொல்லுவியள்?"

"ஒரு ஜுன்னி."

"ஆயிரம் பிராங்குத் தாளுக்கு?"

"இருநூறு."

"மடு மாதாவே!" என்று ரஞ்சன் எழுந்தே விட்டான். "ஆயிரத்தை இருநூறு எண்டுறான்! இவனோடை சேந்து கடை போட இருந்தனான், அக்கா. தப்பினன்."

"ஐஞ்சு பிராங்குக் குத்திக் காசுக்கு?"

"ஒண்டு," என்றான் இப்ரா. இதையெல்லாம் ஒரு படித்த பெண் ஏன் கேட்கிறாள் என்ற குழப்பம் அவன் முகத்தில். "அதுதான் ஒண்டு. அதிலையிருந்துதான் எண்ணுறது."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சிஞோராவை நினைத்துக்கொண்டேன். லிரா செத்து இத்தனை காலத்துக்குப் பிறகும் ஐந்து யூரோவைப் பத்தாயிரம் என்று சொல்லிப் பழக்கடைக்காரனோடு சண்டை பிடிப்பவர். அவருக்கும் ஒன்றும் தவறவில்லை. அவருடைய ஒன்று வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். செனகலில் ஒரு காலத்தில் ஐந்து பிராங்கு வெள்ளிக் காசுதான் கையில் ஓடியது. சனங்கள் அதை ஒன்று என்று எண்ணிப் பழகிவிட்டார்கள். அரசாங்கம் என்ன அச்சடித்தாலும் வாய் பழைய காசில் எண்ணுகிறது. அந்தக் காசு காம்பியாவிலும் ஓடியதாம். தலாசி என்ற பெயரே அதற்கு ஊரில் வழங்கிய பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "தலாசியிலை ஒரு ஜுன்னி எண்டால்?"

"ஆயிரம் தலாசி."

"ஐயாயிரம் இல்லையோ?"

"ஏன் ஐயாயிரம்? தலாசி எண்டால் தலாசிதானே, அக்கா."

ஆக, நேர்காணலில் அவன் சொன்னது இது: அண்ணன் மாடுகளை நாற்பத்திரண்டு ஜுன்னி தலாசிக்கு விற்றார், அதை மாற்றி நூறு ஜுன்னி பிராங்கு கொடுத்தார். ஒரே வாக்கியம், ஒரே சொல், இரண்டு மதிப்பு. தலாசியில் ஜுன்னி ஆயிரம். பிராங்கில் ஜுன்னி ஐயாயிரம். மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஆயிரம் என்று எழுதவைத்தார். பிறகு விதிப்படி திரும்ப வாசித்தார். தாளில் இருந்த ஒரு இலட்சத்தை வொலொஃபில் எப்படிச் சொல்வது? நூறு ஜுன்னி. இப்ராவின் காதில் அவன் சொன்னதே திரும்பி வந்தது. தலையாட்டினான். போகும்போது நடந்த பிழை, திரும்பி வரும்போது தன்னைத் தானே அழித்துக்கொண்டது.

இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் நான் அவ்வொகாத்தாவிடம், அதாவது எங்களுக்கு உதவும் வழக்கறிஞரிடம், ஓடினேன். பலேர்மோவில் பிறந்த, யாரையும் நம்பாத பெண்மணி. முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனையை எடுத்தார்.

"நல்லது. மொழிபெயர்ப்பாளருக்குத் தகுதி இல்லை எண்டு எழுதுறன்."

"அவருக்குத் தகுதி இருக்கு."

"சிஞோரா, ஆற்றையாவது தலை உருளாமல் நீதிபதி ரெண்டாம் பக்கத்தைத் திருப்பமாட்டார்."

"அவர் அகராதியைக் கொண்டு வந்து, ஜுன்னி எண்டால் ஆயிரம் எண்டு காட்டுவார். அகராதி அவற்றை பக்கம். அதோடை எங்கடை வழக்கு முடிஞ்சுது."

அவர் பேனையை வைத்தார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் தாக்கல் செய்யவேணும். அதுக்கு முதல் வேறை ஏதும் இருந்தால் கொண்டு வாங்கோ. இல்லாட்டி இதுதான்."

இங்கே எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, எல்லோரும் செய்வது: ஒருவரைக் குற்றவாளி ஆக்கி இன்னொருவரைக் காப்பாற்றுவது. வேகமானது, படிவமும் தயாராக இருக்கிறது. மற்றது, பிழை விட்டவரையே சாட்சிக்கு அழைப்பது. அவர் மறுத்தால் எதிராளியை நாங்களே எச்சரித்ததாகிவிடும். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். அவர் நல்லவர் என்று நினைத்து அல்ல. அவர் சொன்னால் மட்டும்தான் நம்புவார்கள் என்பதால்.

மொழிபெயர்ப்பாளர் பெயர் எப்ரிமா, காம்பியாக்காரர். பல்லாரோச் சந்தையில் அவருடைய மச்சானின் கடை. முன்னால் பனையெண்ணெயும் தொலைபேசி அட்டையும், பின்னால் நாலு கதிரை. வியாழக்கிழமை நான், இப்ரா, எங்களைக் காரில் ஏற்றி வந்த ரஞ்சன் மூவரும் போனோம். எப்ரிமா கழுத்திலிருந்து கால்வரை தையல்வேலை செய்த நீலநிற அங்கியில் இருந்தார். ஏதோ கலியாணத்துக்குப் போகும் வழியாம்.

"நான் பிழையா மொழிபெயர்த்தனான் எண்டு சொல்லத்தான் வந்தனீங்கள், என்ன?"

"ஜுன்னி எண்டால்—" என்று இப்ரா தொடங்கினான்.

"ஜுன்னி எண்டால் ஆயிரம்! எனக்குப் பாசை படிப்பிக்க வந்திட்டார்."

"பிராங்கிலை ஐயாயிரம்!"

இருவரும் வொலொஃபுக்கு மாறினார்கள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ரஞ்சனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் இப்ராவின் பக்கம் நின்று தலையாட்டினான். எனக்கு ஜுன்னி, ஜுன்னி என்பது மட்டும் கேட்டது. இருவரும் சரி என்பதுதான் அந்தச் சண்டையின் அழகு. ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை.

நான் எப்ரிமாவின் அங்கியைப் பார்த்தேன். "நல்ல வேலைப்பாடு. எங்கை வாங்கினது?"

சண்டையை அப்படியே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "செனகலிலை, டக்காரிலை, சிஞோரா. இஞ்சை உப்பிடி ஒண்டு கிடைக்காது."

"என்ன விலை?"

"ஏழு ஜுன்னி."

"ஏழாயிரம் பிராங்கு. பத்துப் பதினொரு யூரோ. பரவாயில்லை, மலிவுதான்."

"ஏழாயிரமோ!" அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "ஏழாயிரத்துக்கு இதின்ரை கையைக்கூடத் தைக்கமாட்டாங்கள்! முப்பத்தையாயிரம் குடுத்தனான், முப்பத்தை—"

நின்றுவிட்டார். இப்ரா சிரிக்கவில்லை, அதற்காக அவனை இன்றைக்கும் மதிக்கிறேன். ரஞ்சன் சிரிக்கப் போனான், நான் அவன் காலை மிதித்தேன்.

"அது டக்காரிலை," என்றார் எப்ரிமா மெதுவாக. "அங்கை வேறை."

"இப்ரா எல்லைக்கு எந்தப் பக்கத்து ஆள்?"

அவர் அங்கியின் விளிம்பைத் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு சொன்னார்: "எனக்கு ஒப்பந்தம் இல்லை, சிஞோரா. கூப்பிட்டால் போறன். பிழை விட்டவன் எண்டு ஒரு தாளிலை வந்தால் பேந்து கூப்பிடமாட்டினம்."

"பிழை எண்டு எழுதவேண்டாம். ரெண்டு நாட்டிலை ரெண்டு எண்ணிக்கை எண்டு எழுதுவம். நீங்களே எழுதுங்கோ."

அவர் கலியாணத்துக்குப் பிந்தினார். இத்தாலியனில் அரைப்பக்கம் எழுதினார், ஒவ்வொரு காற்புள்ளியையும் யோசித்து. கடைசியில் நான் கேட்காத ஒரு வரியைத் தானே சேர்த்தார்: "நான் திரும்ப வாசித்தபோது அவர் கேட்டது தான் சொன்ன அதே சொல்லை, மறுக்க அவருக்குக் காரணம் இருக்கவில்லை." என்னிடம் வணிகப் பட்டமும் விலைப்பட்டியலும் இருந்தன. வழக்குக்கு வேண்டியிருந்தது அந்த வரி.

வெள்ளிக்கிழமை அவ்வொகாத்தா அதை வாசித்தார். "பிழை எண்ட சொல் எங்கையும் இல்லையே," என்றார்.

"இல்லை."

"நீதிபதிக்கு விளங்குமோ?"

"பட்டியலையும் பக்கத்திலை வையுங்கோ. ஐயாயிரம் எண்டு ஏன் போட்டிருக்கு எண்டு அவருக்கும் ஒருக்கால் உறுத்தட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே தாக்கல் செய்தார்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு வரிசையில் ஆட்கள் காத்திருப்பார்கள். தொகையைத் திரும்ப வாசிக்கும்போது எண்ணை வாசிக்காதீர்கள். என்ன நிறத் தாள், எத்தனை தாள், அதற்கு எத்தனை பாண் வாங்கலாம் என்று கேளுங்கள். ஒருவருடைய கணக்கு எப்போதும் ஒரே மடங்கில் பிசகினால் பொய்யைத் தேடாதீர்கள். அவருடைய ஒன்று எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள். பட்டியலில் ஒரு எண் காரணமில்லாமல் நிற்பதாகத் தோன்றினால், உங்களுக்குத்தான் காரணம் தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளரை எதிராளி ஆக்குவதற்கு முன் அவருடைய சட்டையின் விலையைக் கேளுங்கள்.

பிறகு காத்திருப்பு. விசாரணைத் திகதி தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது. இப்ரா தற்காலிகத் தாளைப் புதுப்பித்துப் புதுப்பித்து மட்டி உடைத்தான். ஒவ்வொரு முறையும் மேசைக்கு வந்து, "ஏதும் வந்ததோ, அக்கா?" என்பான். இல்லை என்பேன். வாடகை வீடு கொடுக்க வந்தவர்கள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுக் கைவிரித்தார்கள். ஊரில் அவனுடைய அண்ணனுக்குச் சுகமில்லாமல் போனது. இந்தத் தாளோடு போனால் திரும்பி வர முடியாது என்பதால் போகவில்லை. இடையில் நான் ஓய்வு பெற்றேன். இப்ராவின் வழக்குக் கோப்பை மட்டும் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. விதிப்படி கொடுத்திருக்க வேண்டும்.

தீர்ப்பு வந்ததும் அவ்வொகாத்தா எனக்கு அனுப்பினார். நான் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு பஸ் எடுத்துப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். ரஞ்சன் அடுப்பை அணைக்காமலே ஓடி வந்தான். இப்ரா கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கித் தானே வாசித்தான், மெதுவாக, விரலை வைத்து. விண்ணப்பதாரர் தொடக்கம் முதல் ஒரே தொகையைத்தான் கூறியிருக்கிறார் என்ற இடத்தைத் தாண்டினான். எப்ரிமாவின் வரியைத் தாண்டினான். ஒரு இடத்தில் விரல் நின்றது. நூறு ஜுன்னி, அதாவது ஐந்து இலட்சம் பிராங்கு, என்று இத்தாலிய நீதிபதி அந்தச் சொல்லை அப்படியே எழுதியிருந்தார்.

"என்ரை சொல்லைப் போட்டிருக்கினம், அக்கா."

"ஓம்."

"அப்ப நம்பியிட்டினமோ?"

"கடைசிப் பக்கத்தை வாசியும்."

வாசித்தான். பெர்மெசோ கொடுக்கப்பட வேண்டும் என்று இருந்தது. அதற்குக் கீழே கையொப்பம், முத்திரை, திகதி: ஒக்டோபர் ஒன்பது, வியாழக்கிழமை.